காந்தங்களுக்கு இடையிலான விசைக் கணக்கு: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

குன்னூர், கோத்தகிரி வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நிலைக்காந்தத்துக்கு ஓயாத வேலை உண்டு. இலையை நசுக்கும் சி.டி.சி. உருளைகளின் பற்கள் தேயத் தேய, அவற்றிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள் தேயிலைத் தூளோடு கலந்துவிடுகிறது. அதைப் பிரித்தெடுப்பதற்காகத் தூள் வந்து விழும் வழியில் காந்தத் தண்டுகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அந்தத் தண்டுகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்களும், உதகையிலும் குன்னூரிலும் இயற்பியல் செய்முறைக்காகக் காந்தங்களோடு மல்லுக்கட்டும் மாணவர்களும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள்: தாளில் போட்ட கணக்கு ஒன்று சொல்கிறது, தராசு வேறொன்று சொல்கிறது.

அந்த நிலையில் கணக்கை முதலிலிருந்து மறுபடி போடுவது பெரும்பாலும் பயனற்றது, ஏனெனில் பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இருப்பது அரிது. அதற்குப் பதிலாக, கணக்கின் விடையை அளந்த மதிப்பால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் விகிதம் இரண்டா, நான்கா, பத்தா, பத்து லட்சமா என்பதும், இடைவெளியை மாற்றும்போது அந்த விகிதம் மாறுகிறதா, மாறாமல் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிட்டால், குற்றவாளி யாரென்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். விகிதம் மாறாமல் இருந்தால் பிழை அலகிலோ மாறிலியிலோ இருக்கிறது. இடைவெளியோடு சேர்ந்து அதுவும் மாறினால், நீங்கள் எடுத்துக்கொண்ட வாய்பாடு அந்த இடைவெளிக்கு உரியதன்று.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு சோதனை இணை வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் என்42 தர நியோடிமியம் வட்டுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம்: விட்டம் 20 மி.மீ., தடிமன் 5 மி.மீ., அச்சின் திசையில் காந்தமூட்டப்பட்டவை. இந்தத் தரத்தின் காந்தத் தேக்குத்திறன் (காந்தமூட்டிய பின் பொருளில் தங்கிவிடும் புலத்தின் அளவு) 1.28 முதல் 1.32 டெஸ்லா வரை இருக்கும், 1.30 என்று கொள்ளலாம். எதிரெதிர் முனைகள் பார்த்திருக்க, ஒரே அச்சில் இவ்விரண்டையும் வைத்தால், முறையான கணக்கின்படி ஈர்ப்பு விசை இவ்வாறு அமையும்: முகங்கள் தொடும்போது சுமார் 82 நியூட்டன், அதாவது எட்டு கிலோ எடைக்குச் சற்று மேல், முகத்துக்கு முகம் 5 மி.மீ. இடைவெளியில் 21 நியூட்டன், 20 மி.மீ. இடைவெளியில் இரண்டே கால் நியூட்டன்; 60 மி.மீ. இடைவெளியில் 0.08 நியூட்டன், அதாவது எட்டு கிராம் எடை. உங்கள் கணக்கு முறை இந்த நான்கு எண்களையும் தந்துவிட்டால், உங்களிடம் உள்ள காந்தத்தின் அளவுகளை அதில் தயங்காமல் போடலாம்.

அறிகுறி: விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரியது அல்லது சிறியது

இங்கே வாய்பாட்டைச் சந்தேகிக்க வேண்டாம், அலகைச் சந்தேகியுங்கள். தொலைவில் இருக்கும் இரு சிறு காந்தங்களுக்கான வாய்பாடு, அதாவது இருமுனை வாய்பாடு, எளியது: விசை = 6 × 10⁻⁷ × திருப்புத்திறன் × திருப்புத்திறன் ÷ மையத்திலிருந்து மையத்துக்கான தூரத்தின் நான்காம் படி. இதில் திருப்புத்திறன் என்பது காந்தத் தேக்குத்திறனைக் காந்தத்தின் பருமனளவால் பெருக்கி, மியூநாட் எனப்படும் வெற்றிடத்தின் உட்புகுதிறனால், அதாவது 4 × பை × 10⁻⁷ ஆல், வகுத்தால் வருவது. நம் வட்டுக்கு அது 1.625 ஆம்பியர் சதுர மீட்டர்.

எல்லா நீளங்களையும் மில்லிமீட்டரிலேயே போட்டுவிட்டால் விடை சரியாகப் பத்து லட்சம் மடங்கு பெரிதாகும். பருமனளவை மட்டும் கன மீட்டருக்கு மாற்றிவிட்டுத் தூரத்தை மில்லிமீட்டரில் விட்டுவிட்டால், விடை லட்சம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கி, பூச்சியம் போலவே தோன்றும். தேக்குத்திறனைக் காஸ் அலகில், அதாவது 1.3 என்பதற்குப் பதில் 13,000 என்று போட்டால், விசை பத்துக் கோடி மடங்காகும், ஏனெனில் அந்த எண் இருமுறை பெருக்கப்படுகிறது. இவை பெரிய பிழைகள் என்பதாலேயே உடனே கண்ணில் பட்டுவிடும், ஆபத்து குறைவு.

ஆபத்தானவை சிறிய விகிதங்கள். விகிதம் 16 என்று வந்தால் ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். 10க்கு அருகில் வந்தால் தராசு கிலோவில் காட்டியதை நியூட்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். சுமார் 158 என்று வந்தால் சென்டிமீட்டர், கிராம், விநாடியை அலகுகளாகக் கொண்ட பழைய சி.ஜி.எஸ். முறையின் 4 × பை என்ற காரணி விட்டுப்போயிருக்கிறது அல்லது இருமுறை நுழைந்திருக்கிறது, ஏனெனில் 12.57இன் இருமடி 158. பழைய பாடநூல்களில் முனைவலிமையைக் கொண்டு கணக்கிடும் முறை இருப்பதால், இரு முறைகளின் வாய்பாடுகளைக் கலந்துவிடுவது மிக எளிது.

மலையில் இருப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78. பாடநூலில் உள்ள 9.807க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 0.3 தான். உயரமோ காற்றின் அடர்த்தியோ காந்த விசையை மாற்றுவதில்லை. ஆகவே பத்து விழுக்காடு பிசகும் கணக்குக்கு மலையைக் காரணம் காட்ட இயலாது.

அறிகுறி: தொலைவில் விடை பொருந்துகிறது, நெருங்க நெருங்க எல்லையின்றி ஏறுகிறது

இதுவே மிகப் பரவலான பிழை. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் காந்தமுனைகளுக்கு எதிர்த்தகவு இருமடி விதியை நிறுவியபோது மெல்லிய நீண்ட காந்த ஊசிகளைப் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட ஊசியில் முனை ஏறத்தாழ ஒரு புள்ளி. நம் கையில் இருப்பதோ தட்டையான வட்டு. அதன் முகம் முழுவதும் முனைதான். புள்ளிக்கு உரிய வாய்பாட்டில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் விடை முடிவிலியை நோக்கி ஓடுவது இயல்பு. உண்மையான வட்டு 82 நியூட்டனில் நின்றுவிடுகிறது.

இருமுனை வாய்பாட்டை நம் சோதனை இணைக்குப் போட்டுப் பாருங்கள். 60 மி.மீ. இடைவெளியில் மையத்துக்கு மையம் 65 மி.மீ.; விடை 0.089 நியூட்டன். உண்மை 0.08. விட்டத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி நின்றும்கூட, வாய்பாடு பத்து விழுக்காடு மிகையாகச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 20 மி.மீ. இடைவெளியில் அது 4.06 நியூட்டன் என்கிறது. உண்மை இரண்டே கால். 5 மி.மீ. இடைவெளியில் 158 நியூட்டன் என்கிறது, உண்மை 21. அதே 5 மி.மீ. இடைவெளியில், மையத்துக்கு மையம் 10 மி.மீ. என்று எடுக்காமல், முகத்துக்கு முகம் உள்ள 5 மி.மீ.யையே தூரமாகப் போட்டுவிட்டால் 2,535 நியூட்டன், அதாவது கால் டன்னுக்கு மேல் வருகிறது. தூரம் நான்காம் படியில் நிற்பதால், அதைப் பாதியாகக் குறைத்தால் விடை பதினாறு மடங்காகிறது. ஆகவே இந்த அறிகுறி தென்பட்டால் முதலில் கேட்க வேண்டியது, நான் எழுதிய தூரம் எங்கிருந்து எதுவரை என்பதே.

நெருங்கிய இடைவெளிக்கு உரிய முறை வேறு. வட்டின் ஒவ்வொரு முகத்தையும் ஒரே சீராக முனைவலிமை பரவிய ஒரு தகடாகக் கருதுங்கள். இரு காந்தங்களுக்கு நான்கு தகடுகள். அருகருகே பார்த்திருக்கும் இரு முகங்கள் ஈர்க்கும். மிகத் தொலைவில் உள்ள இரு முகங்களும் ஈர்க்கும். குறுக்கே உள்ள இரண்டு இணைகள் விலக்கும். ஆக மொத்த விசை என்பது, இடைவெளிக்கு உரிய தகட்டு விசை, அதோடு இடைவெளியும் இரு தடிமனும் சேர்ந்த தூரத்துக்கு உரிய தகட்டு விசை, அதிலிருந்து இடைவெளியும் ஒரு தடிமனும் சேர்ந்த தூரத்துக்கு உரியதன் இரு மடங்கைக் கழித்தது.

சம ஆரமுள்ள இரு தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும்போது உள்ள விசை, தேக்குத்திறனின் இருமடியைப் பரப்பளவால் பெருக்கி, மியூநாட்டின் இரு மடங்கால் வகுத்தால் வரும். நம் வட்டுக்கு 211 நியூட்டன். தூரம் கூடும்போது இந்த விசையில் எவ்வளவு பங்கு எஞ்சும் என்பது, தூரத்தை ஆரத்தால் வகுத்து வரும் எண்ணை மட்டுமே சார்ந்தது. அந்த எண் 0.5 ஆனால் 0.4218, 1 ஆனால் 0.2322, 1.5க்கு 0.1418, 2க்கு 0.0935, 2.5க்கு 0.0654, 3க்கு 0.0480. தொடுநிலைக்கு இதைப் பொருத்துங்கள்: 1 + 0.2322 − 2 × 0.4218 = 0.3886, இதை 211ஆல் பெருக்கினால் 82. இடைவெளி 5 மி.மீ. என்றால் 0.4218 + 0.1418 − 2 × 0.2322 = 0.0992, விசை 21. வேறு விட்டம், வேறு தரம் உள்ள சம வட்டுகளுக்கும் இதே எண்கள் செல்லும். தூரங்களை உங்கள் வட்டின் ஆரத்தால் வகுத்து, 211 என்ற இடத்தில் அதற்கு உரிய மதிப்பைப் போட்டால் போதும்.

இந்த முறையில் ஒரு பொறி உண்டு. இடைவெளி கூடும்போது, ஏறத்தாழச் சமமான பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறுகிறோம். 20 மி.மீ. இடைவெளியில் இந்த எண்களை இரு தசமத்தோடு நிறுத்தினால் 0.09 + 0.05 − 0.14 என்றோ 0.09 + 0.05 − 0.13 என்றோ வந்து, ஒரு முறை பூச்சியமும் மறு முறை இரண்டு நியூட்டனும் கிடைக்கும். கணினி அட்டவணையில் விடை இங்குமங்கும் துள்ளுகிறது என்றால் தசம இடங்களைக் கூட்டுங்கள். மிகத் தொலைவுக்கு இருமுனை வாய்பாட்டுக்கே மாறிவிடுவது நல்லது.

அறிகுறி: காஸ்மீட்டர் அளவைக் கொண்டு போட்ட கணக்கு பாதியோ கால் பங்கோ தருகிறது

காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் வைத்திருப்பவர்கள், புலத்தின் இருமடியைப் பரப்பளவால் பெருக்கி மியூநாட்டின் இரு மடங்கால் வகுக்கும் வாய்பாட்டை நாடுவது வழக்கம். வாய்பாடு சரியானதே, ஆனால் அதில் போட வேண்டிய புலம், இரு காந்தங்களும் சேர்ந்திருக்கும்போது இடைத்தளத்தில் உள்ள புலம். தனியாக ஒரு காந்தத்தை அளந்த எண்ணைப் போட்டால் கால் பங்கே கிடைக்கும், ஏனெனில் மற்றொரு காந்தம் வந்து சேரும்போது அத்தளத்தில் புலம் இரட்டிக்கிறது.

புலத்தை இரட்டித்துப் போட்டும் பாதிதான் வருகிறதா? நம் வட்டின் முகத்தின் நடுவில் புலம் சுமார் 0.29 டெஸ்லா, அதாவது 2,900 காஸ். இரட்டித்துக் கணக்கிட்டால் 42 நியூட்டன் வரும், உண்மை 82. தட்டையான வட்டில் நடுப்பகுதியின் புலமே மிகக் குறைவு. விளிம்பை நோக்கிப் புலம் ஏறுகிறது. உணர்முனையை முகத்தின்மேல் மெதுவாக நகர்த்தினால் இதைக் கண்ணாலேயே காணலாம். நடுவில் எடுத்த ஓர் அளவைப் பரப்பு முழுவதற்கும் பொதுவாக்குவது நீண்ட தண்டுக்கு ஓரளவு பொருந்தும், வட்டுக்குப் பொருந்தாது. தவிர, உணர்முனைக்குள் இருக்கும் படிகம் அதன் மேலுறைக்குச் சற்று உள்ளே இருப்பதால், மீட்டர் முகத்தை அளக்காமல் அதற்குச் சிறிது மேலே உள்ள புலத்தையே அளக்கிறது.

அறிகுறி: இரும்பின் மேல் வைத்து இழுத்தால் கணக்கில் பாதிகூட வரவில்லை

தடித்த, வழவழப்பான தேனிரும்பின் முன் காந்தத்தை வைப்பது, கண்ணாடி முன் நிற்பது போன்றது; இரும்புக்குப் பின்னால் அதே தூரத்தில் எதிர்முனையோடு ஒரு பிம்பக் காந்தம் இருப்பதாகக் கொண்டு கணக்கிடலாம். ஆகவே இரும்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கும் காந்தத்துக்கு, இரு காந்தங்களுக்கு இடையே 10 மி.மீ. இடைவெளி இருப்பதாகவே போட வேண்டும். இந்த இரு மடங்கை மறப்பது ஒரு வகைப் பிழை. அதனால் கணக்கு மிகையாகும். தொட்டிருக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை: காந்தத்தோடு காந்தம் தொட்டாலும், தடித்த இரும்போடு தொட்டாலும் விசை ஏறத்தாழ ஒன்றே.

ஆனால் தேயிலைக்கூடத்தில் கிடைக்கும் தகடு தடித்ததாக இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர்த் தகடு, காந்தத்திலிருந்து வரும் பாயம் (காந்தப்புலக் கோடுகளின் மொத்தம்) முழுவதையும் தாங்க இயலாமல் சுமார் 2 டெஸ்லாவில் தெவிட்டுநிலையை அடைகிறது. எஞ்சிய பாயம் மறுபுறம் கசிகிறது. தகட்டின் பின்புறம் ஒரு குண்டூசியைக் கொண்டு சென்று பாருங்கள். அது ஒட்டினால் தகடு தெவிட்டிவிட்டது, பிம்ப முறை இங்கே செல்லாது. அடுத்துச் சந்தேகிக்க வேண்டியவை பெயின்ட், துரு, நிக்கல் பூச்சு, மேற்பரப்பின் மேடுபள்ளம். தொடுநிலைக்கு அருகில் விசை மிகச் செங்குத்தாகக் குறைவதால், கால் மில்லிமீட்டர்ப் பெயின்ட்கூடக் கண்ணுக்குத் தெரியும் குறைவைத் தரும். காகிதங்களை ஒவ்வொன்றாக இடையே செருகி அளந்து வரைபடம் போட்டால், நீங்கள் பூச்சியம் என்று நினைத்த இடைவெளி உண்மையில் எவ்வளவு என்பது வளைகோட்டிலிருந்து தெரிந்துவிடும். இணைக்கும் பசையின் தடிமனையும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம்.

எஃகுச் சட்டத்தில் செங்குத்தாக ஒட்டிய காந்தம், கணக்கிட்ட விசையில் ஐந்தில் ஒரு பங்கு சுமையிலேயே கீழே வழுக்கினால் அது பிழையே அன்று. நீங்கள் கணக்கிட்டது முகத்துக்குச் செங்குத்தான இழுவிசை. பக்கவாட்டில் தாங்குவது உராய்வு, வழவழப்பான நிக்கலுக்கும் எஃகுக்கும் இடையே அது சிறியது.

அறிகுறி: காலையில் ஒரு விடை, நண்பகலில் வேறு விடை

வெப்பநிலையைக் குறித்து வைத்தீர்களா? நியோடிமியத்தின் தேக்குத்திறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.11 விழுக்காடு குறைகிறது. விசை அதன் இருமடி என்பதால் குறைவு 0.22 விழுக்காடு. பனிக்காலத்தில் உதகையில் விடியற்காலை 5 டிகிரியில் அளந்ததை, வெயில் ஏறிய பின் 22 டிகிரியில் மறுபடி அளந்தால் மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். ஃபெரைட் காந்தமானால் இந்தக் குறைவு ஏறத்தாழ இரு மடங்கு. குளிர்ந்ததும் பழைய அளவு திரும்பினால் கவலைப்பட ஒன்றுமில்லை. கணக்கில் வெப்பநிலைத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பவில்லை என்றால் அது நிலையான இழப்பு. எண்ணுக்குப் பின் எழுத்தொட்டு இல்லாத சாதாரண என் வகைத் தரங்களுக்கு 80 டிகிரியையே உச்ச வரம்பாகத் தருகிறார்கள். தட்டையான வட்டுகள் அதற்கும் கீழேயே வலிமை இழக்கத் தொடங்கக்கூடும், ஏனெனில் காந்தம் மெலிய மெலிய, அதன் சொந்த முனைகளே அதைக் காந்தநீக்கம் செய்யும் போக்கு கூடுகிறது. தேயிலை உலர்த்திக்குள் செலுத்தப்படும் காற்று 100 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். உலர்த்தியின் வாயருகே காந்தத்தைப் பொருத்திவிட்டுச் சில மாதங்களுக்குப் பின் விசை குறைந்துவிட்டது என்று கணக்கை நோவதில் பொருளில்லை. அந்த இடத்துக்கு எச் அல்லது எஸ்.எச். எழுத்தொட்டுள்ள தரமோ, சமாரியம் கோபால்ட் காந்தமோ வாங்கியிருக்க வேண்டும்.

குன்னூர் மூடுபனிக்கு ஒரு தனி வரி ஒதுக்கலாம். நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சில் ஓரத்தில் ஒரு சிறு சில்லு பெயர்ந்தால், ஈரம் அதன் வழியே உள்ளே இறங்கும். முதலில் பூச்சு கொப்புளம் போல எழும்பும். நகத்தால் கீறினால் உள்ளே பளபளப்பான உலோகம் இருக்காது, விரலில் ஒட்டும் சாம்பல் நிறப் பொடிதான் இருக்கும். அந்தப் பொடி காந்தமாக வேலை செய்வதில்லை. மேலும் உப்பிய பூச்சு முகங்களுக்கு இடையே தானும் ஓர் இடைவெளியாக நிற்கிறது. இத்தகைய காந்தத்தின் அளவுகளை வெர்னியர் கருவியில் எடுத்துக் கணக்கில் போட்டால், இல்லாத பருமனளவுக்குக் கணக்குப் போட்டதாகிவிடும்.

அறிகுறி: எந்தக் கணக்கோடும் பொருந்தாமல் தராசு தன்போக்கில் காட்டுகிறது

மேல்தட்டுத் தராசின்மேல் காந்தத்தை வைத்து அளப்பவர்கள், முதலில் மேலே உள்ள காந்தத்தை அகற்றிவிட்டு, கீழே உள்ளதைத் தராசின் தட்டில் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். எண் மாறினால் காந்தம் தராசின் உள்ளே உள்ள இரும்புப் பாகங்களையே இழுக்கிறது. தேயிலைப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு மரக்கட்டை போதும். ஆணி இல்லாததாகப் பார்த்து, ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் காந்தத்தை வைத்தால் இந்தத் தொல்லை தீரும். இழுவைத் தராசு வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை வேறு விதம்: அதன் வில் நீளும்போது இடைவெளியும் கூடவே மாறுகிறது, குறிப்பிட்ட ஓரிடத்துக்குப் பின் காந்தம் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே இடைவெளியை நிலையாக வைக்கப் பித்தளையோ பிளாஸ்டிக்கோ ஆன தகடுகளை இடையே கொடுத்து, காந்தங்கள் விடுபடும் கணத்தில் உள்ள எண்ணைக் குறிக்க வேண்டும்.

புவியின் காந்தப்புலம் இதில் குறுக்கிடுகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னிந்தியா காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்தப் புலம் பெரும்பாலும் கிடையானது. அளவு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இதன் பதிவுகள் நெடுங்காலம் எடுக்கப்பட்டன. ஓரிடத்தில் சீராக உள்ள புலம் காந்தத்தைத் திருப்ப முயலுமே தவிர, எந்தப் பக்கமும் இழுக்காது. நம் வட்டின்மேல் அது செலுத்தும் திருப்புவிசை, ஒரு சென்டிமீட்டர்க் கையில் முக்கால் கிராமுக்கும் குறைவான எடைக்குச் சமம். ஆகவே நூலில் தொங்கும் காந்தம் சற்றுத் திரும்பும். தராசின் கிலோக் கணக்கை அது தொடாது.

அறிகுறி: விலக்கம் ஈர்ப்பைவிடக் குறைவாக இருக்கிறது, அல்லது விலக வேண்டியவை ஒட்டிக்கொள்கின்றன

ஒரே அச்சில், ஒரே இடைவெளியில், நியோடிமியம் வட்டுகளின் ஈர்ப்பும் விலக்கமும் கணக்கின்படி சமம். அளக்கும்போது விலக்கம் குறைந்தால் பெரும்பாலும் காரணம் அச்சு விலகியிருப்பதே: ஈர்க்கும் காந்தங்கள் தாமே நடுவுக்கு வந்து சேரும், விலக்கும் காந்தங்கள் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். ஒரு பி.வி.சி. குழாய்க்குள் இரண்டையும் இட்டு அளந்தால் ஐயம் தீரும். ஆல்நிக்கோ காந்தங்களில் மட்டும் காரணம் வேறு: அவற்றின் காந்த நீக்குத்திறன், அதாவது எதிர்ப்புலத்தைத் தாங்கும் வலிமை, மிகக் குறைவு என்பதால், எதிரெதிராக வைத்து அழுத்தும்போதே அவை ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்கின்றன. ஆய்வுக்கூடத்துப் பழைய சட்டக்காந்தங்களை ஒத்த முனைகள் சேரும்படி பெட்டியில் போடக்கூடாது என்பது இதனால்தான்.

காந்தத் தண்டைப் பிரித்தவர்கள் கண்டு வியக்கும் அறிகுறி இன்னொன்று. தண்டின் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் காந்த வட்டுகள் ஒத்த முனைகள் பார்த்திருக்க அடுக்கப்பட்டு, ஒவ்வோர் இணைக்கும் நடுவே ஒரு தேனிரும்பு வட்டு இருக்கும். கணக்கின்படி இவை எட்டு கிலோ எடையளவு விசையோடு தள்ளிக்கொள்ள வேண்டும். கையில் எடுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். காரணம் நடுவே உள்ள இரும்பு. மிக நெருக்கத்தில் ஒவ்வொரு காந்தமும் தன் பக்கத்து இரும்பை ஈர்ப்பது, எதிர்க்காந்தத்தின் விலக்கத்தை மிஞ்சிவிடக்கூடும். சற்று விலக்கிப் பிடித்தால் விலக்கம் மேலோங்கும். இரும்பு வட்டு மெல்லியதாக இருந்து தெவிட்டிவிட்டால் தொட்ட நிலையிலும் தள்ளும். இரும்பு இடையில் நுழைந்ததும் இரு காந்தக் கணக்கு செல்லாது என்பதை மறந்து, குழாயின் மூடியை முழு விலக்க விசைக்கும் ஏற்ப வடிவமைப்பதில் நட்டமில்லை. ஆனால் இணைக்கும்போது ஒட்டுகிறதே என்று நம்பி, மூடி போடாமல் கையை எடுப்பது ஆபத்து. விரலுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

விலக்கத்தைக் கொண்டு ஒரு காந்தத்தை அந்தரத்தில் நிறுத்த முயன்று, எடையும் விசையும் சமமாக வந்தும் அது கவிழ்ந்துவிடுகிறது என்றால், கணக்கைத் திருத்த வேண்டாம். நிலைக்காந்தங்களை மட்டும் கொண்டு அசையாத நிலையான மிதப்பைப் பெற முடியாது என்பதை ஆங்கிலக் கணிதவியலாளர் எர்ன்ஷா 1842இலேயே காட்டிவிட்டார்.

அறிகுறி: விசை சரி, காஸ் அளவும் சரி, ஆனாலும் தூளில் இரும்பு தங்கிவிடுகிறது

இங்கே கணக்கிட வேண்டிய விசையே வேறு. துகளுக்கென்று நிலையான முனை கிடையாது; தண்டின் புலம் அதைக் காந்தமாக்கி, பின் இழுக்கிறது. ஆகவே துகளின் மேல் உள்ள விசை, புலத்தையும், புலம் ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு மாறுகிறது என்பதையும் பெருக்கி வருவது. 0.2 மி.மீ. விட்டமுள்ள ஓர் இரும்புக் குண்டுத் துகளை எடுத்துக்கொள்வோம். புலம் அரை டெஸ்லாவும், அதன் மாற்றம் மில்லிமீட்டருக்கு 0.05 டெஸ்லாவும் உள்ள இடத்தில், அதன்மேல் உள்ள இழுப்பு அதன் எடையைப் போல எழுநூறு மடங்குக்கு மேல். புலமும் மாற்றமும் இரண்டுமே பத்தில் ஒன்றாகக் குறையும் தூரத்தில் இழுப்பு நூறில் ஒன்றாகி, எடையைப் போல ஏழெட்டு மடங்கே எஞ்சும். மேலிருந்து கொட்டும் தூளின் வேகத்துக்கு எதிராக அது போதாது.

தண்டுகளை வாங்கும்போது விற்பவர் சொல்லும் 10,000 காஸ், 12,000 காஸ் என்பன மேற்பரப்பில், அதுவும் இரும்பு வட்டுக்கு நேர் எதிரே அளந்தவை. இரண்டு இரும்பு வட்டுகளுக்கு நடுவே உள்ள பகுதியில் மீட்டர் அதைவிட மிகக் குறைவாகவே காட்டும். தூள் பிடித்த தண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: கறுப்புத் துகள்கள் தண்டு முழுவதும் படியாமல், வளையம் வளையமாக, இரும்பு வட்டுகள் உள்ள இடங்களில் மட்டும் மயிர்க்கால் போல எழுந்து நிற்கும். அந்த அடுக்கு இரண்டு மில்லிமீட்டர் தடித்துவிட்டால், புதிதாக வரும் துகளுக்கு இடைவெளி அவ்வளவு கூடிவிட்டது என்று பொருள். எனவே கணக்கில் இடைவெளியைத் தண்டின் மேற்பரப்பிலிருந்து எடுக்காமல், துடைக்கும் நேரத்தில் அந்த அடுக்கு எவ்வளவு தடித்திருக்கிறதோ அதன் மேலிருந்து எடுங்கள். அப்படிக் கணக்கிட்ட விசை போதவில்லை என்றால், முதலில் தண்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறைத்து, துடைக்கும் வேளைகளைக் கூட்டிப் பாருங்கள். அதிக காஸ் உள்ள தண்டை வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.